நாய் நீங்கலாக

புளியரை எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
கோட்டைவாசல் ஏறப்போகும் லாரிகள்
எஸ் வளைவுக்கு முன்னால் இங்கே நின்று
ஒருமுறை பெருமூச்சு விடும்.
வைக்கோல், வாழைத்தார், ஜல்லி,
ஒருதடவை ஏதோ சர்க்கஸ் கம்பெனியின் கூடாரக் கம்பிகள்.
மொத்த எடையில் வண்டியின் எடை போக
மிச்சம்தான் சரக்கு.
அறுபது ரூபாய். சீட்டு மூன்று பிரதி.

பத்துப் பத்துக் கிலோவாகத்தான்
எண்ணத் தெரியும் இந்த இயந்திரத்துக்கு.
நான் ஏறி நின்றால்
அறுபதா எழுபதா என்று முடிவெடுக்க முடியாமல்
சிவப்பு எண்கள் துடித்துக்கொண்டே இருக்கும்.

சண்முகவடிவு அக்கா சோறு கொண்டுவந்த அன்று
நீயும் ஏறி நில்லேன் என்றேன்.
ஐம்பது.
"தூக்குவாளியோட சேத்தா, சேக்காமயா?"
இறக்கிவைத்தாள். அப்போதும் ஐம்பது.
"அப்போ நீ தின்னுத சோத்துக்குக்
கணக்கே கெடையாதுல" என்று சொல்லிவிட்டு
செங்கோட்டைக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆவணியில் அவளைக் கரைக்கக்
குற்றாலம் கொண்டுபோகும் வழியில்
கலயத்தை மேடை நடுவில் வைத்துப் பார்த்தேன்.
ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள்.
பூஜ்யம்.
கூட வந்த அத்தான் ஒன்றும் சொல்லவில்லை.
பைக்கை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அதன்பிறகு கொஞ்சநாள்
பெரிய பெரிய கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
தூங்கக்கூடாத வேலைக்காரனுக்கு அது சுலபம்.
எதற்கு இவ்வளவு வைக்கோல் மலை ஏறுகிறது,
எதற்கு வண்டி காலியாக இறங்கி வருகிறது,
எனக்கு ஏன் நாற்பத்தோரு வயது.
ஆரியங்காவுப் பக்கமிருந்து வந்த காற்று
தகரக் கூரையை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்துவிட்டு
அப்படியே வைத்துப் போனது.

ஐப்பசி. மணி இரண்டேகால்.
மழை வெறிக்கட்டும் என்று
முக்கால்மணி நேரம் மேடையிலேயே நின்ற ஜல்லி லாரி
போன பிறகும்
திரை பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.
இருபதில் நின்றது.
டார்ச் அடித்துக்கொண்டு போனேன்.
ஊரெல்லாம் நனைந்து கிடக்க
லாரி மறைத்து நின்ற காய்ந்த இடத்தில்,
என்ஜின் சூடு மிச்சமிருந்த இரும்பின்மேல்,
வயிறு கனத்த ஒரு செவலை நாய்
சுருண்டு கிடந்தது.

அடுத்து வைக்கோல் லாரி. ஆரன் அடிக்கவில்லை.
டிரைவர் குஞ்ஞுமோன், புனலூர்க்காரர், இறங்கி வந்தார்.
நான் சூ என்று காலைத் தட்டியதும்
"வேண்டா, கிடக்கட்டே" என்றார்.
டயருக்கு நடுவில்தானே கிடக்கிறது என்பதைக்
கையால் அளந்து காட்டினார்.
பிறகு அத்தனை உயர வைக்கோலை
நூல் பிடித்தாற்போல் மேடையேற்றினார்.
நாய் ஒரு காதை மட்டும் அசைத்தது.

இருபது கிலோ கூடுதலா வரும் சேட்டா, என்றேன்.
"எழுதிக்கோ."
பதினொரு வருஷத்தில் முதல்முறையாக
குறிப்பு என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்:
நாய் நீங்கலாக.
தமிழ் எழுத்து அவருக்கு வராது.
வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு
சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.
பின்விளக்கு வளைவில் மறைந்து
மேலே ஒருமுறை தெரிந்தது.

அன்றைக்கு என்ன விளங்கியது என்று கேட்டால்
சொல்லத் தெரியாது.
பசித்தது.
ஆவணிக்குப் பிறகு அதுதான் முதல் பசி.
சோறு ஆறி, ரசத்தில் ஏடு கட்டிக் கிடந்தது.
முழுவதும் தின்றேன்.

படிக்கட்டுக்கு அடியில் ஐந்து குட்டி போட்டிருக்கிறது இப்போது.
ஒன்று மேடைக்குப் போய்விடும், இரண்டு போய்விடும்.
திரைக்குத் தெரியாது.
அடுத்த வண்டியைக் கைகாட்டி அழைக்கும் முன்
நான் டார்ச்சோடு இறங்கிப் போகிறேன்.
அதான் பூஜ்யம் காட்டுதே, வழிய விடும் வே,
என்று திட்டுகிறார்கள் டிரைவர்கள்.
காட்டும்.
இருந்தாலும்
ஒரு நிமிஷம்.