உடைந்த தூண், எண்ணிக்கை ஒன்று

ஐப்பசி மழை தடுப்புச்சுவரைத் தள்ளி
மூன்று கல்லறைகளைச் சாலையோரம் வரை
கொண்டுவந்து விட்ட மறுவாரம்
மதிப்பீடு எழுத என்னை அனுப்பினார்கள்.
கோத்தகிரியில் பஸ் இறங்கி
சர்ச் மேட்டுக்கு நடந்தேன்.
டேப், குடை, கார்பன் தாள் வைத்த நோட்டு.

காவலுக்கு ஆள் இல்லை.
ஒரு காட்டுமாடு மட்டும்
வட்டம் வைத்த சிலுவையில்
கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது,
அதற்கென்றே யாரோ நட்டுவைத்தது மாதிரி.
தேய்த்து முடிக்கும்வரை
கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன்.

முதல் கல் சாம்பல் நிறக் கிரானைட்.
அபர்தீனில் வெட்டியது என்று அடியில் ஒரு வரி.
கப்பலில், ரயிலில், மேட்டுப்பாளையத்திலிருந்து மாட்டுவண்டியில்,
கல்லாலேயே ஆன மலைக்கு
ஒரு கல்லை ஏற்றியிருக்கிறார்கள்.
எத்தனை மாடு?
எந்த வளைவில் எந்தச் சக்கரம்
யார் கால்மேல் ஏறியது?
கல்லில் அதற்கு இடம் விடவில்லை.
நானும் எழுதியது
நீளம், அகலம், கனம்.

இரண்டாவதில் ஈய எழுத்துகள் பதித்திருந்தார்கள்.
எழுத்து உதிர்ந்துவிட்டது,
அவை நின்ற இடமெல்லாம் ஆணித்துளை.
விரலால் தடவிப் படித்தேன்.
மக் என்று தொடங்கி மேலே போகவில்லை.
ஒன்பது வயதா, ஒன்பது மாதமா?
"ஈயத்தைப் பொறுக்கித் தூண்டிலுக்குக் கட்டியிருப்பானுங்க மேடம்"
என்றார் கொத்தனார் மயில்வாகனம்.
ஒரு பெயரின் கனத்தில்
எங்கோ ஒரு மீன் சிக்கியிருக்கும்.

மூன்றாவது ஒரு தூண்.
பாதிக்குமேல் இல்லை.
உண்ணிச்செடிக்குள் அரைமணி நேரம்
தலைப்பாகத்தைத் தேடினோம்.
கிடைக்காததால் எழுதினேன்:
உடைந்த தூண், எண்ணிக்கை ஒன்று,
சிமெண்ட் வைத்து முழுமையாக்க.

அவர் தூணின் உச்சியைத் தடவிக்கொண்டே இருந்தார்.
"இது உடையல. உடைஞ்ச மாதிரி செதுக்கியிருக்கான்.
உளி போன தடம் பாருங்க.
வயசு என்ன போட்டிருக்கு?"
இருபத்துமூன்று.
"அதான்."

எழுதிய வரியை அடித்தேன்.
கார்பன் தாளுக்கு அடியில்
அடித்ததும் வரியும் சேர்ந்தே பதிந்தன.

பிறந்த ஊர் என்ன என்றார்.
படித்துச் சொன்னேன்: டன்கெல்ட்.
கரண்டி கையிலேயே நின்றது.
"டன்கெல்டா? அது எங்க பக்கத்துத் தோட்டமாச்சே.
அட்டன்ல இருந்து நடந்தே போயிடலாம்.
அங்கயா பொறந்தான் இந்தத் துரை?"
ஸ்காட்லாந்து என்று ஒரு தேசம்,
அங்கே அதே பெயரில் ஓர் ஊர்,
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் தலைமன்னார் தாண்டிப் போய்விட்டார்.

"கடைசித் தங்கச்சிய அங்கதான் வச்சோம்,
பதினோராம் நிரையில.
கல்லு வைக்க விடமாட்டாங்க.
அப்பா அந்த இடத்துச் செடியை மட்டும்
கவ்வாத்து பண்ணாம விட்டுட்டே வந்தாரு.
மத்ததெல்லாம் இடுப்பு உயரம்.
அது ஆள் உயரம் போயி, பூவெல்லாம் வச்சு,
ரோட்டுல இருந்து பார்த்தாலே தெரியும்."

அப்புறம்?

"புதுக் கணக்கப்பிள்ளை வந்தான்.
நிரை ஒழுங்கா இல்லைன்னு வெட்டிட்டான்."
கலவைக்குத் தண்ணீர் ஊற்றினார்.
மணலில் அது இறங்குகிற சத்தம் கேட்டது.

நேற்று ஆபீஸிலிருந்து குறிப்பு:
புகைப்படத்தில் தூண் உடைந்திருப்பது தெரிகிறது.
மதிப்பீட்டில் ஏன் விடுபட்டது?
விளக்கம் தருக.

விளக்கத்துக்கு விட்டிருக்கும் கட்டம்
மூன்று விரல் அகலம்.

மேட்டில் சுவர் இடுப்பளவுக்கு எழும்பிவிட்டது.
இன்று தூணை நிறுத்தினோம்.
சரியாக நிற்கிறதா என்று
மயில்வாகனம் நூல் விட்டுப் பார்த்தார்.
மேலே பிடிக்க இடமில்லாததால்
கையைக் காற்றில் நீட்டி,
தூண் முடிந்திருக்க வேண்டிய உயரத்திலிருந்து
குண்டை இறக்கினார்.
அது ஆடி ஓயும்வரை
இருவரும் பேசவில்லை.