நாலு கமா பூச்சியம்

மொழியியல் படிக்கத்தான் ஆசைப்பட்டேன்,
சொற்களின் எலும்பை எண்ணிப் பார்க்க.
பதினெட்டு வயதில் ஒரு ஞாயிறு முழுக்க
வேலை விளம்பரங்களை எண்ணினேன்:
மொழியியலுக்கு இரண்டு, அதிலொன்று சம்பளமில்லாதது.
பாதுகாப்புப் பொறியியலுக்கு நாற்பத்தொன்று.
யாரும் என்னை வற்புறுத்தவில்லை.
பிறகொரு நாள் அப்பாவின் தலையில் போட்டுவிடாதிருக்க
இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பா வெல்பெர்ட்டில் பூட்டுச் செய்கிறார்.
"அப்ப நீ என்னவா வருவாய்?"
ஒரு கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று
சொல்லுகிறவளாக, என்றேன்.
சாவி மாதிரி ஒன்றை விரலில் சுழற்றிக்கொண்டே
"அதுக்கும் நாலு வருசமோ" என்றார்.

வூப்பர்டாலில் எல்லாப் படியும் மேலேதான் போகும்.
ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு ஓடும்.
அதிலிருந்து இறங்கி, பஸ்ஸைத் தவறவிட்டு,
மழையோடு குன்றேறி வகுப்புக்குள் நுழைந்தால்
மூக்குக்கண்ணாடியில் ஆவி.
பலகையில் பாதி தெரியாது.
ஆபத்து என்பது
நிகழும் வாய்ப்பைச் சேதத்தால் பெருக்கி வருவது:
இது மட்டும் முதல் நாளே தெரிந்தது.
அந்த வாய்ப்பைக் கணக்கிடும் பாடத்தில்தான்
இரண்டு முறை விழுந்தேன்.

மூன்றாம் முறையும் விழுந்தால்
இந்தப் படிப்பை இந்த நாட்டில்
எந்த நகரத்திலும் தொடர முடியாது.
கடிதத்தில் அதை
மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.
மடித்து அரிசி வாளிக்கு அடியில் வைத்தேன்.

அக்னியெஷ்கா என்னோடு சேர்ந்து விழுந்தவள்.
இரண்டாம் முறை விழுந்த அன்று
உணவுக்கூடத்தில் உருளைக்கிழங்கை நசுக்கியபடி
"நான் ஓடு பதிக்கப் போகிறேன்" என்றாள்.
போனாள்.
இப்போது என்னைப்போல் மூன்று மடங்கு உழைக்கிறாள்,
முழங்கால் நோவை மட்டும் முறையிடுகிறாள்.
அவள் விட்டது தோல்வி, நான் விடாதது வெற்றி என்று
எவராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.
நான் தொங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.
எங்கள் ஊரில் ரயிலே அப்படித்தான்.

அந்தக் குளிர்காலம்
பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை.
இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில்
டாக்சிக்காரரைத் தவிர எவரும் வருவதில்லை.
கோப்பி இயந்திரத்தின் மேலே கொப்பியை விரித்துவைத்து
பழுதடைந்த பன்னிரண்டு விளக்குகளை
மறுபடி மறுபடி ஒரு பையிலிருந்து எடுத்தேன்.
எத்தனை இரவென்று எண்ணவில்லை.
ஒரு தாளில் கடுகுச் சோஸ் கொட்டி
அந்தச் சூத்திரம் மட்டும் எப்போதும் மஞ்சளாகவே
நினைவுக்கு வரும்.

சோதனையில் அது வந்தது.

மறுமொழி கைபேசியில் வந்தபோது
ஒருவர் சிகரெட் கேட்டு நின்றார்.
பிழையான பெட்டியை இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தேன்.
நாலு கமா பூச்சியம்.

கனடாவிலிருந்து குகதாசன் மாமா கத்தினார்:
"நாலுக்கு நாலோ! வெளுத்து வாங்கிப்போட்டாய் பிள்ளை!"
இங்கே ஒன்றுதான் உச்சம்,
நாலு என்பது வாசற்படி,
அதற்கு வெளியே மழை
என்று நான் திருத்தவில்லை.
அவர் வேலையிடத்தில் எல்லாருக்கும்
ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தாராம்.

இன்னும் பதினொரு பாடம் இருக்கிறது, ஓர் ஆய்வேடும்.
போன சனிக்கிழமை ஹாகனில் சாருகாவின் கலியாணம்.
மண்டபத்தின் பின்கதவை மறைத்து
கதிரைகளை என் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.
கூறைக்கு முன்னரே எழுந்துபோய்
சேலையை இடுப்பில் செருகி
ஒவ்வொன்றாய் இழுத்து ஒதுக்கினேன்.
வீடியோக்காரர் மட்டும் எரிச்சலோடு பார்த்தார்.
வந்து இருந்து, பூவைச் சரிசெய்து, திரும்பினால்
தவமலர் சித்தி அதிலொரு கதிரையைத் தூக்கிப்போய்
அதே கதவடியில் போட்டு,
காற்று நல்லா வருகுதென்று
சாய்ந்திருக்கிறா.

மறுபடி எழுந்தேன்.