அடிவரை போகாத வெட்டு

வான்டன் மீ பொட்டலத்தோடு வந்த
குச்சிகள் இரண்டைக்
கிழங்கின் இருபுறமும் படுக்கவைத்தேன்.
கத்தி இறங்கும்,
குச்சியில் முட்டி நின்றுவிடும்.
அடிவரை போகாத வெட்டு.
ஒரு கிழங்குக்கு இருபத்தேழு.

புக்கிட் பாஞ்சாங், பதினொன்றாம் மாடி.
மேல்வீட்டு நிலோஃபரின் மூங்கில் கழி
இன்றும் என் போர்வைமேல் சொட்டுகிறது.
மார்ச்சில் நகர மன்றத்துக்கு எழுதினேன்.
ஏப்ரலில் அவள் எழுதினாள்,
என் மிக்ஸியைப் பற்றி.
மே முழுக்க மின்தூக்கியில்
எண்களையே பார்த்துக்கொண்டு இறங்கினோம்.

நேற்று அது
ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே நின்றுவிட்டது.
நாற்பது நிமிடம்.
அவள் பையில் ஓர் ஆரஞ்சு இருந்தது.
பாதி எனக்கு.

வெண்ணெய், நசுக்கிய பூண்டு, சோம்பு கொஞ்சம்,
தேக்காவில் வாங்கிய கறிவேப்பிலை.
ரோஸ்மேரி மூன்று வெள்ளி எழுபது காசு,
முகர்ந்துவிட்டு வைத்துவிட்டேன்.
சின்ன ஓவனில் இரண்டு கிழங்குதான் உட்காரும்.
போதும்.

பாதி வேக்காட்டில் இழுத்து
இடுக்குகளில் மறுபடி வெண்ணெய் விட்டேன்.
ஐம்பதாவது நிமிடம்
விசிறியாய் விரிந்திருந்தன,
விளிம்பெல்லாம் பொன்முறுவல்.
ஒன்றில் மட்டும்
எப்போதோ குச்சி நழுவியிருக்கிறது,
அறுந்த வில்லை ஒன்று தனியே சாய்ந்து கிடந்தது.
அதை அழுத்தி ஒட்டவைத்து
மேலே மல்லித்தழை தூவினேன்.

அழைப்புமணி.

தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த நிலோஃபர்
அந்த வில்லையைத்தான் முதலில் எடுத்தாள்.
"பிழிந்துதான் காயப்போடுறேன்"
என்றாள், மென்றபடி.
"தெரியும்" என்றேன்.

சன்னலுக்கு வெளியே
ஒரு சொட்டு.