ஐந்தடி இரண்டு அங்குலம்

லங்காப்பின் பழைய தியேட்டரில் இப்போது
உழவாரக் குருவிகள் குடியிருக்கின்றன.
சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து
பதிவு செய்த குருவிக் கூச்சலை
இரவும் பகலும் ஓடவிட்டு
உயிருள்ளவற்றைக் கூப்பிடுகிறார் தவுக்கே.
வருகின்றன. கூடு கட்டுகின்றன.
கிலோ இத்தனை வெள்ளி.

அதனால் தவமலரின் படத்தைப்
பூப்பந்து மண்டபத்தில் போட்டார்கள்.
ஐந்து வெள்ளி டிக்கெட். பிளாஸ்டிக் நாற்காலி.
வெள்ளைத் துணியின் நடுவே ஒரு தையல்,
யார் முகம் வந்தாலும் மூக்கின் மேல் கோடு.
செம்பனை ஆலையின் இரண்டாம் ஷிப்ட்
எண்ணெய் வாசத்தோடு நேராக வந்து உட்கார்ந்திருந்தது.

கச்சேரி நடக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.
இன்னும் பதினோரு நாள் இருந்தபோது
தூங்கினாள், எழவில்லை.
மிச்சம் ஒத்திகைதான்.
நூற்று நாற்பது மணி நேரம் எடுத்து
அதில் வெட்டிய ஒன்றே முக்கால்.

திரையில் ரப்பர் செருப்போடு வருகிறாள்,
ஈரத் தலையில் துண்டு.
'டிரம்ஸ் அண்ணே, பஸ்ஸ விட்ட மாதிரி ஓடுறீங்களே.'
மண்டபம் சிரித்தது.
பாதிக் குரலில்தான் பாடுகிறாள்.
உச்சம் வரும்போது நிறுத்திக்கொண்டு
கையை மட்டும் மேலே காட்டுகிறாள்.
'மிச்சம் அன்னிக்கு.'
மண்டபம் சிரிக்கவில்லை.

பிறகு மைக்கைக் காலி நாற்காலிகள் பக்கம் திருப்பி
'இங்க அவங்க பாடுவாங்க' என்று
விரல்விட்டு நான்கு எண்ணுகிறாள்.
ஒன்று. இரண்டு.
மூன்றில் லோரி ஆரோக்கியம் மட்டும்,
உள்ளே போயிருந்த சரக்கின் தைரியத்தில்,
தப்பான சரணத்தை எடுத்தார்.
மனைவி முழங்கையால் இடித்தும் விடவில்லை.
திரையில் அவள் தலையசைத்துக்கொண்டிருந்தாள்
அவர் சரியாகத்தான் பாடுகிறார் என்பதுபோல.

என்னைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு நான் கோலாலம்பூரில் இருந்தேன்.
கையுறைத் தொழிற்சாலை ஆள் குறைத்த மாதம்.
அறையில் கூட இருந்த யோகநாயகி சொன்னாள்:
ஐந்தடி ரெண்டு அங்குலத்துல ஒரு பொண்ணு வேணுமாம்,
நாளைக்கு எண்பது வெள்ளி, சாப்பாடு உண்டு.
வேலை, நிற்பது.
தரையில் ஒட்டிய மஞ்சள் பட்டையில்
அவள் வரும்வரை அவளாக நிற்பது.
விளக்குக்காரர்கள் என் தோளில் நீலம் ஊற்றிப் பார்த்தார்கள்,
பிடிக்காமல் சிவப்பு ஊற்றினார்கள்.
பெயர் கேட்கவில்லை.
'உயரம், கொஞ்சம் இடப்பக்கம்' என்பார்கள்.
அவள் வந்ததும் விலகிவிடுவேன்.
ஒருமுறை செருப்பைக் கழற்றிப் பட்டையில் நின்றவள்
'சூடா இருக்கே தரை' என்றாள் என்னைப் பார்த்து.
நாங்கள் பேசியது அவ்வளவுதான்.
அதிலும் நான் பேசியதாக நினைவில்லை.

படத்தின் கடைசியில் பாட்டு ஓய்கிறது.
இருட்டு. எதிர்ப்பக்கமிருந்து வெள்ளை வெளிச்சம்.
அதில் முதுகு காட்டி ஒரு பெண்,
கை இரண்டும் தொங்க, அசையாமல்.
பதினேழு நொடி.
மேலே பிறந்த தேதி, அப்புறம் இன்னொரு தேதி.
முன்வரிசைப் பள்ளிக்கூடப் பெண்கள்
ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து அழுதார்கள்.
ஆரோக்கியம் எழுந்து கும்பிட்டார்.

இடது தோள் ஒரு விரல் தாழ்ந்திருந்தது.
அணிவகுப்புக்கு ஆகாது என்று
ஆறாம் ஆண்டில் ஆசிரியை ஒதுக்கிய தோள்.
அன்று மதியம் எனக்கு நல்ல பசி.
அந்தப் பதினேழு நொடியும் நான் யோசித்தது
கோழி தீர்ந்து போயிருக்குமா என்று.

வெளியே தூறல்.
மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு சின்னப் பெண்
யாரிடமாவது கேட்க வேண்டியிருந்ததால் என்னிடம் கேட்டாள்:
'அக்கா, கடைசியா ஒரு தடவ
திரும்பிப் பாத்திருக்கலாம்ல?'

'பாத்திருக்கலாம்' என்றேன்.
திரும்பினால் வெளிச்சம் கெடும், திட்டுவார்கள் என்பதை
அவளுக்கு எப்படிச் சொல்ல.
இருவரிடமும் குடை இல்லை.
தியேட்டர் சுவரை ஒட்டியே நடந்தோம்.