இரண்டு கூட்டல் குறிகள்

இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி
ஏற்காட்டில் ஒரு விடுதி அறை.
கட்டிலில் மடிக்கணினி, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ்.
மூடுபனியில் கீழே சேலம் தெரியவில்லை.
தெரியத் தேவையுமில்லை.

கருப்பூர் வெள்ளைக்கல் சுரங்கத்தில்
எடைமேடைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது
அந்தப் பழைய யூனிக்ஸ் பெட்டி.
தொண்ணூற்று மூன்றில் வாங்கியது.
"ஒருநாள்கூட விழுந்ததில்ல மேடம்"
என்று மேலாளர் தீர்த்தகிரி சொன்னபோது
குலசாமியைப் பற்றிச் சொல்கிறாரோ என்றிருந்தது.
உள்ளே புகுந்து பார்க்கலாம் என
அவர் கையெழுத்திட்ட கடிதம் என் பையில்.
பெட்டி கடிதத்தைக் கேட்கவில்லை.

எழுபத்தொன்பதாம் வாசலில்
விரல் என்று ஒரு சேவை.
உள்ளே யார் யார் என்றேன்.
எல்லோரையும் சொல்லிவிட்டது.
ஆங்கிலத்தில் எட்டெழுத்துக்கு மேல்
பேர் வைக்க விடாத காலத்துப் பெட்டி.
ஆரோக்கியசாமி அதில் ஆரோக்கியசா.
கடைசியாக வந்தது 2003 மார்ச் 14, வெள்ளி.
படிக்காத அஞ்சல் நாற்பத்தொன்று.
அவர் விட்டுப்போன குறிப்பைக்
கேட்கிறவர்க்கெல்லாம் இன்னும் ஒப்பிக்கிறது:
சனி ஞாயிறு விடுப்பு,
மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்,
அவசரமென்றால் தனகோட்டியிடம் கேட்கவும்.

அந்தப் பெண்ணுக்கு முடிந்ததா என்று எழுத
அறிக்கையில் கட்டம் இல்லை.

அடுத்தது ஐந்நூற்றுப் பதின்மூன்று.
தட்டும்போதே
'என்னை ஏற்கெனவே விசாரித்தாயிற்று'
என்று பேரோடு ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டால்
கடவுச்சொல் கேட்காமல் ஒதுங்கி நிற்கும்.
முப்பது வருஷமாக ஊரறிந்த ஓட்டை.
ஒட்டு அப்போதே வந்தது.
ஒட்டத்தான் ஆள் வரவில்லை.

சாக்ஸ் காலோடு
கருவறையில் நின்றேன்.

யாரை நம்பலாம் என்ற கோப்பைத் திறந்தால்
ஒரே வரி. இரண்டு கூட்டல் குறிகள்.
எந்த ஊர்ப் பெட்டியானாலும் சரி,
எந்தப் பேரைச் சொன்னாலும் சரி.
கோப்பின் தேதி அதே மார்ச், அதே வெள்ளி,
மாலை ஆறு பத்து.
தனகோட்டிக்கு இரண்டு நாள் சிரமம் வேண்டாமென்று
திறந்து வைத்திருப்பார்.
திங்கட்கிழமை என்ன ஆயிற்றோ.

அறிக்கையில் சிவப்பு வைத்தேன்: மிக ஆபத்து.
பதினொன்றரைக்குள் வாசல்களை மூடி
குறிகளை அழித்து
நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஏழே காலுக்கு தீர்த்தகிரி.
"மேடை பேசமாட்டேங்குது மேடம்.
ஓமலூர் ரோடு வரைக்கும் லாரி நிக்குது.
டிரைவருங்க கத்துறாங்க."

எடைமேடையும் அந்த வழியாகத்தான்
இத்தனை வருஷமாய் வந்து போயிருக்கிறது,
யாரென்று யாரும் கேட்காமல்.

பனி விலகி ஜன்னலில் சேலம்
மொத்தமாகக் கிடந்தது.
பல் துலக்காமல் உட்கார்ந்து
ஐந்நூற்றுப் பதின்மூன்றைத் திறந்தேன்.
முதல் கூட்டல் குறி இருந்த இடத்தில்
எடைமேடையின் பேரை எழுதினேன்.
இரண்டாவதன் இடத்தில் என்ன பேர் என்று
அங்கே யாருக்கும் தெரியவில்லை.
மதியம் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு
அந்தக் குறியையே திரும்பப் போட்டேன்.

எழுபத்தொன்பதை யாரும் தேடவில்லை.
அது மூடியே கிடக்கட்டும்.
ஆரோக்கியசா விடுப்பில் இருப்பது
இனிக் கேட்டாலும் தெரியாது.

முதல் லாரி, பதினாறு டன் முந்நூற்று நாற்பது கிலோ.
"வந்துடுச்சு மேடம்" என்றார் தீர்த்தகிரி.
"இனிமே எதையும் தொட வேணாம்."