சுவிட்சைப் போடும் முன்

டோக்கன் என்று அவர்தான் பெயர் வைத்தார்.
கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும்
அலுவலக வாசலில் கிடந்த குட்டி.
ஒரு காது மட்டும் வெள்ளை.

பாம்பன் தென்கடலில் எத்தனை விசைப்படகு வந்தாலும்
எங்கள் இன்ஜின் கரை நெருங்கும்போது
இரண்டு தரம் இருமும்.
அந்த இருமலுக்கு எழுந்துவிடும்.
கழிவுக் காரலில் ஒரு கை
அதற்கென்று விழும்.
இருமல், காரல். இருமல், காரல்.
யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?
மண்டபம் கம்பெனியில் ஒன்பது வருஷம் இறால் உரித்ததில்
தூக்கத்திலும் என் கட்டைவிரல்
எதையோ கிள்ளிக்கொண்டே இருக்கும்.
"யார் தலையடி திருகுறே" என்பார் ரெமிஜியூஸ்.
விரலைப் பிடித்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்வார்.

ஐப்பசியில் படகோடு பிடித்துப் போனார்கள், நாலு பேரை.
தலைமன்னாருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது
கோர்ட்டுக்குத்தான் தெரியும்.

வியாகுலத்தின் படகுக்கும் அதே இன்ஜின்.
அந்த மாசம் பார்த்து அதுவும் இருமக் கற்றிருந்தது.
முதல் வாரம் டோக்கன் ஓடியது,
அலையில் வயிறு நனையும் வரை.
காரல் விழவில்லை, அதட்டல் விழுந்தது.
மறுவாரம் நடந்து போனது.
கார்த்திகை மழையில் எழுந்து நின்றது, அவ்வளவுதான்.
பிறகு தலை.
பிறகு அந்த வெள்ளைக் காது மட்டும்.
மார்கழியில் ஒருநாள்
இன்ஜின் இருமியது.
காது அசைந்தது. பார்த்தால் ஈ.
அன்றைக்குத்தான் அழுதேன்.
பிடித்துப் போன அன்று அழுததெல்லாம்
சனம் வந்து நின்றதால்.

மாசியில் விட்டார்கள். ஆளை; படகை அல்ல.
சென்னை வரை விமானம், அங்கிருந்து வேன்.
வாழ்நாளில் முதல்தரம் விமானம் ஏறியவர்
அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.
ஏதோ சோப்பு மணத்தோடு இறங்கினார்.
டோக்கன் முழங்காலை மோந்து பார்த்துவிட்டு
யாரோ என்று நிழலுக்குப் போய்ப் படுத்தது.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து
சுவிட்சைப் போட்டேன்.
டிக்.
பாயில் முட்டி போட்டு
இரண்டு கையையும் பின்தலையில் கோத்து
கண் திறக்காமல் இருந்தார்.
தூக்கம் கலையவில்லை. உடம்பு மட்டும்
எதற்கோ கீழ்ப்படிந்துகொண்டிருந்தது.

அணைக்கலாம் என்றால்
அணைத்தாலும் அதே டிக்.
வெளிச்சத்தில் நின்றேன், செம்பும் கையுமாக.

காலையில் கேட்கவில்லை.
கேட்டால் அது இன்னொரு தரம் நடக்கும்.
அன்றிலிருந்து சுவிட்சைத் தொடும் முன்
"நான்தான்" என்பேன்.
நான்தான், டிக்.
அடுப்படியில், குளியலறை வாசலில்,
பகலில்கூட.
சில ராத்திரி பலித்தது.
சில ராத்திரி என் குரலுக்கே கை உயர்ந்தது.
பங்குனி முடிவில் அந்தக் கை காது வரை வந்து,
காதைச் சொறிவது போல இறங்கியது.
அவர் சொறிந்தார். நான் பார்க்கவில்லை.
அப்படித்தான் இருவரும் வைத்துக்கொண்டோம்.

ஆனியில் தடைக்காலம் முடிந்தது.
வியாகுலத்தின் படகில் கூலிக்கு ஏறினார்.
மறுநாள் விடியலில் இன்ஜின் இருமியபோது
நான் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.
முதலில் அந்த வெள்ளைக் காது.
பிறகு, அதற்கே தெரியாமல், கால்கள்.
மறந்துவிட்டதென்று நான் நினைத்தது
சேற்றுக்கடியில் மட்டி மாதிரி
வாயை மூடிக் கிடந்திருக்கிறது.
காரல் விழும் முன்பே
டோக்கனுக்கு எச்சில் வடிந்துகொண்டிருந்தது.

நேற்று அவர் கடலில்.
பொழுது சாய்ந்து கம்பெனியிலிருந்து வந்தேன்.
கதவைத் தள்ளி, இருட்டில் சுவரைத் தடவி,
"நான்தான்" என்றேன்
மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயிடம்.

கொஞ்சம் பொறுத்துத்தான்
போட்டேன்.