41/சி

ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்.
விலையைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.
அதனால் ரெட்டேரிக் கரையில்
முதல் ஒரு மணி நேரம்
கேமராவைத் திறப்பதேயில்லை.
மாதவரம் ரவுண்டானா லாரிகளின் தூசி அடங்கி
ஆகாயத்தாமரை கொஞ்சம் ஒதுங்கி
ஒரு பாய் அகலத்துக்காவது
தண்ணீர் தெரியும்வரை நிற்கிறேன்.

எனக்கு வேண்டியவை கருவேல மரங்கள்.
முழங்கால்வரை நீரில் நின்று
நீர்க்காகங்களின் எச்சத்தில் கிளை வெளுத்து
ஏற்கெனவே பாதி
கறுப்பு வெள்ளையாகிவிட்டவை.

வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்க்கிற கேமரா.
கும்பிடுகிறேன் என்று நினைத்து
தூண்டில்காரர் ஒருவர் பீடியை மறைத்தார்.
கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும்.
கிழக்கே போகிற கொக்கு மேற்கே போகும்.
அதைத் துரத்தி நான் தப்பான பக்கம் திரும்புவேன்.
பதினைந்து வருடமாய்த் திரும்புகிறேன்.

மேலே ஒரு லென்ஸ், நான் பார்க்க.
கீழே ஒரு லென்ஸ், ஃபிலிம் பார்க்க.
கீழே இருப்பதற்கு மட்டும் சிவப்பு ஃபில்டர்.
மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிட்டு
நீலத்தைக் கறுப்பாக்கித் தரும்.
பட்டப்பகல் வானம்
இடி விழப்போகிற வானமாகும்.
எனக்கு அந்தப் பொய் பிடிக்கும்.

ஏழு கட்டம் கருவேலத்துக்கே போனது.
எட்டாவதில் கரைமேல் நின்ற புங்கமரம்.
இடுப்புக்குச் சுண்ணாம்பு அடித்து
அதன்மேல் சிவப்பில் 17.
பின்னால் தகரக் கூரை, சுண்ணாம்புச் சுவர்.
சுவரிலும் சிவப்பில் 41/சி.
வாசலில் வாளியோடு நின்றவள்
"சர்வேயா?" என்றாள்.
"இல்ல, மரம் எடுக்குறேன்."
"மரத்துக்கும் நம்பர் போட்டுட்டுப் போய்ட்டாங்க.
நீ லேட்டு."
பேர் தேசராணி என்பதை
படம் தருகிறேன் என்ற பிறகுதான் சொன்னாள்.

குளியலறையில் டெவலப்பர் முப்பத்தொரு டிகிரி.
காசிமேட்டில் வாங்கிய ஐஸில்
பாட்டிலைப் புதைத்து இருபத்திரண்டுக்கு இறக்கினேன்.
மறுநாள்வரை கையில் வஞ்சிர வாசனை.
சுருள் காய்ந்தபோது
எட்டாவது கட்டம்
நான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம்.
தார் ஊற்றிய வானம்.
அதன்மேல் ஒவ்வொரு கிளையும்
தனித்தனியாக யோசிப்பதுபோல்.

அடுத்த ஞாயிறு கொண்டுபோனேன்.
ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு
நெடுநேரம் பார்த்தாள்.
"என் வாளி எப்போ வெள்ளையாச்சு?"
சிவப்பு வாளி.
அந்தக் கண்ணாடி வழியே சிவப்பு
வெள்ளையாகிவிடும் என்று விளக்கினேன்.
விளக்கும்போதே எனக்கு உறைத்தது.
மரத்தில் 17 இல்லை.
சுவரில் எதுவுமே இல்லை.
யாரும் வந்து அளக்காத சுவர்.
நான் குனிந்து பார்த்த மேல் கண்ணுக்கு
எல்லா எழுத்தும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

நல்ல சகுனம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மரத்துக்கு அழிஞ்சா மரத்துக்கு நல்லது.
எனக்கு அழிஞ்சா?
நம்பர் இருந்தாத்தான்யா மாத்து வீடு.
சுண்ணாம்பு உரிய உரிய அதுவும் உரியுது பாரு.
அத்த எடு. மரம் வேணாம்."

ஃபில்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.
வானம் வெறும் வெள்ளையாக எரிந்துபோகும், தெரியும்.
மரம் சாம்பல் குவியலாகும், தெரியும்.
குறுக்கே தொங்கிய கிளையை
அவளே வளைத்துப் பிடித்துக்கொண்டாள்.
"சி தெரியுதா?"
"தெரியுது."
"கோடு?"
"கோடும் தெரியுது."
நாலு பிரதி வேண்டுமாம்.
ஒன்று ரேஷன் கார்டு உறைக்குள்.
மற்ற மூன்று யாருக்கென்று சொல்லவில்லை.

புதுச் சுருளில் பதினொன்று மிச்சம்.
ஏரியில் வெயில் சாய்ந்து
கருவேல நிழல்கள் நீளத் தொடங்கியிருந்தன.
நான் காத்திருந்த வெளிச்சம்.
அப்போது 41/டி-யிலிருந்து ஒருவர்
சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே
வெளியே வந்தார்.